மூண்டு தரம் அன்னத்துக்குப் போட்டனான், இந்தமுறை ஆருக்கு?

கோப்பாய்க்காரி | 27 ஓகஸ்ட் 2024, இரவு 9.40

வாற மாதம் 21ஆம் திகதி, சனிக்கிழமை, இலங்கை ஜனாதிபதித் தேர்தல். இன்னும் நாலு கிழமைகூட இல்லை. வாக்குச்சீட்டில 39 பேர், நீளம் 27 அங்குலமாம். ஒண்டரை முழம். அதில ஒருத்தர் போன கிழமை காலமாகிட்டார், பேர் மட்டும் அச்சில அப்பிடியே இருக்கப்போகுது. இவ்வளவு நீளச் சீட்டில ஒரு பேரை மனசறிஞ்சு தெரிய என்னால ஏலாமல் கிடக்கு. அதுதான் இங்க எழுதுறன்.

முதல் என்ர பழைய வாக்குகளைச் சொல்லுறன். 2005 நவம்பரில நான் வீட்டுப் படலையைத் தாண்டேல்லை. போகக்கூடாது எண்டது அப்ப ஊரெல்லாம் தெரிஞ்ச சொல். யாழ்ப்பாண மாவட்டத்தில நூற்றுக்கு 1.21 பேர்தான் போட்டவை. ரணில் மஹிந்தவிட்ட தோத்தது ஒரு லட்சத்து எண்பதாயிரம் சொச்ச வாக்கால. நாங்கள் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு ஆரும் அடிச்சுச் சொல்லேலாது. அதுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும்.

2010 ஜனவரியில அன்னச் சின்னத்துக்குப் போட்டன். அன்னத்தில நிண்டவர் சரத் பொன்சேகா, யுத்தத்தை நடத்தின இராணுவத் தளபதி. என்ர தங்கச்சி, யுத்தத்தில இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த மெனிக் பாம் முகாமில இருந்து வெளியில வந்து எங்கட வீட்டில நிண்ட நேரம். அவளின்ர மூத்தவன் வரேல்லை. அவளுக்குப் பதிவு வன்னியில, இங்க வாக்கில்லை. எண்டாலும் என்னோட வாக்குச்சாவடி வாசல் மட்டும் வந்து மதில் ஓரமா நிண்டவள். நான் உள்ள போய் அந்தத் தளபதிக்குப் புள்ளடி போட்டிட்டு வந்தன். வீடு வந்து சேருமட்டும் ரெண்டுபேரும் வாய் திறக்கேல்லை. மஹிந்த போகவேணும் எண்ட ஒண்டுக்காகப் போட்டது அது. 2015இல மைத்திரிக்கு, அதுவும் அன்னம். 2019இல சஜித்துக்கு, அதுவும் அன்னம். மூண்டு தரமும் ஆர் வரக்கூடாது எண்டுதான் போட்டனான். ஆர் வரவேணும் எண்டு ஒரு தரமும் போடேல்லை.

இந்தமுறை நான் யோசிக்கிற ஆக்களிட்ட அன்னம் இல்லை.

ரணிலுக்குச் சின்னம் கேஸ் சிலிண்டர். அம்மாவுக்கு 79 வயது, அவதான் எங்கட வீட்டில முதல் முடிவெடுத்த ஆள். 2022இல ஒரு சிலிண்டர் 4,860 ரூபா. காசைக் கையில வைச்சிருந்தாலும் சாமான் இல்லை. விடிய நாலு மணிக்கு வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டுபோய் வரிசையில வைச்சிட்டு, நான் வேலைக்குப் போக, அம்மா பிளாஸ்டிக் கதிரையில இருந்து அதைக் காத்தவ. வரிசை போனது இவர் வந்தபிறகுதான் எண்டு அவ சொல்லுறா. அதை நான் மறுக்கமாட்டன். ஆனா 1981இல எங்கட நூலகம் எரியேக்க அமைச்சரவையில இருந்தவர். மாகாணசபைகளுக்கு அதிகாரம் குடுக்கிற 13ஆம் திருத்தத்தைப் பொலிஸ் அதிகாரம் இல்லாமல் தாறன் எண்டு போன வருசம் சொன்னவர். வற் வரி 18 வீதமாகினதும் இவரின்ர காலத்திலதான்.

சஜித்துக்கு தொலைபேசி. 13ஐ முழுசா நடைமுறைப்படுத்துவன் எண்டு கிளிநொச்சிக்கு வந்தே சொன்னவர். ஊரூராப் பள்ளிக்கூடங்களுக்கு பஸ் குடுத்துக்கொண்டு திரியிறார். நல்ல மனுசன் எண்டுதான் நினைக்கிறன். ஆனா அவரைச் சுத்தி நிக்கிற எல்லாரும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படுவினமோ எண்டதுதான் எனக்குப் பயம்.

அநுரவுக்கு திசைகாட்டி. பக்கத்து வீட்டுப் பிள்ளையள் எல்லாம் அவரின்ர பேச்சைத்தான் போனில கேக்குதுகள். களவெடுத்தவனைப் பிடிக்கிறன் எண்டு சொல்லேக்க எனக்கும் நெஞ்சு நிமிரும். ஆனா சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தைச் சேர்ந்து பங்கிடுற பொதுக் கட்டமைப்பு வந்தபோது, அதை எதிர்த்து 2005இல அரசாங்கத்தை விட்டு வெளியில போனது அவரின்ர கட்சி ஜே.வி.பி. வடக்கையும் கிழக்கையும் பிரிக்கவேணும் எண்டு 2006இல உயர் நீதிமன்றத்தில நிண்டதும் அவையள்தான். அதை நான் எப்பிடி மறக்கிறது?

மஹிந்தவின்ர மகன் நாமலைப் பற்றி எழுத எனக்கு ஒண்டுமில்லை.

பிறகு சங்கு. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன், மட்டக்களப்பு முன்னாள் எம்.பி. வெல்லமாட்டார் எண்டு அவருக்கும் தெரியும், நிப்பாட்டின ஆக்களுக்கும் தெரியும். ஆனா இந்தச் சீட்டில எனக்கு "ஓம்" எண்டு போடக்கூடின ஒரே அடையாளம் அதுதான் போல கிடக்கு. தமிழ்க் காங்கிரஸ் கஜேந்திரகுமார் ஆக்கள் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொல்லுகினம். 2005இல வீட்டில இருந்த எனக்கு அதைத் திரும்பச் செய்ய மனமில்லை.

நீங்கள் என்ன யோசிக்கிறீங்கள்? ஏசாமல் எழுதுங்கோ.

பனங்கூடல் (ரொறன்ரோ) | 28 ஓகஸ்ட், காலை 6.15

அக்கா, இதில யோசிக்க என்ன கிடக்கு? சங்குக்குப் போடுங்கோ. சிங்கள வேட்பாளர் ஆர் வந்தாலும் எங்களுக்கு ஒண்டுதான். வடக்கு கிழக்கில பெரிய தொகை சங்குக்கு விழுந்தால் உலகம் பார்க்கும். அது ஒரு வாக்கெடுப்பு மாதிரி.

வாவிக்கரை (மட்டக்களப்பு) | 28 ஓகஸ்ட், இரவு 8.02

அக்கா, எனக்கு 24 வயசு. ஜனாதிபதித் தேர்தல்ல இதுதான் எனக்கு முதல் வாக்கு. ரொறன்ரோ அண்ணைக்கு முதல்ல ஒண்டு சொல்றேன், கோவிக்க வேணாம். ஆர் வந்தாலும் ஒண்டுதான் எண்டு எங்கட வாப்பாட்ட சொல்லிப் பாருங்க. அவர் ஓட்டோ ஓடுறவர். 2022இல பெற்றோலுக்கு ரெண்டு நாள் வரிசைல படுத்துக் கிடந்தார். மறுகா கியூஆர் பங்கீடு வந்து கிழமைக்கு 5 லீற்றர் குடுத்தாங்க. 5 லீற்றருல ஓட்டோ ஓடி ஒரு குடும்பம் சாப்பிடேலுமா? நான் ஏ.எல். படிச்சது குப்பி விளக்குல. 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாள் அது. ஆர் இருக்காங்க எண்டது எங்கட சோத்துப் பானைக்குள்ள வந்து நிண்டிச்சு.

நான் திசைகாட்டிக்குத்தான். எழுபத்தாறு வருசமா ரெண்டு மூணு குடும்பங்கள் மாறி மாறி ஆண்டு நாட்டை வங்குரோத்தாக்கிட்டாங்க. அவங்கள்ள ஒருத்தரும் இவர் இல்ல. எனக்கு அது போதும்.

கோப்பாய்க்காரி | 28 ஓகஸ்ட், இரவு 9.30

தம்பி, வாப்பா எண்டு எழுதியிருக்கிறீர், முஸ்லிம் பிள்ளையோ? கேக்கிறது பிழையெண்டால் விடும். நீர் எழுதினது எனக்கு விளங்குது. வடக்கு கிழக்கு வழக்கைப் பற்றி நீர் ஒண்டும் சொல்லேல்லையே?

பனங்கூடல் தம்பி, நீங்கள் சொல்லுறதில பாதி எனக்கும் மனசில இருக்கு. ஆனா உலகம் பார்க்கும் எண்டு பதினைஞ்சு வருசமாக் கேக்கிறன். கிளிநொச்சியில 2017 மாசியில இருந்து காணாமல் போன பிள்ளையளின்ர தாய்மார் தெருவோரத்தில இருக்கினம். என்ர தங்கச்சியும் அங்க போய் இருந்து வாறவள். உலகம் அதைப் பார்க்கேல்லையா?

வாவிக்கரை | 28 ஓகஸ்ட், இரவு 10.11

ஓம் அக்கா, வாப்பா முஸ்லிம், உம்மா தமிழ். ரெண்டு பக்கத்துக் கதையும் கேட்டு வளர்ந்தவன் நான். வடக்கு கிழக்கு வழக்குக்கு நேர்மையாப் பதில் சொல்றதெண்டா, அது பிழைதான். அப்ப எனக்கு ஆறு வயசு. அவங்க மாறிட்டாங்க எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டேன். விஞ்ஞாபனத்துல 2015இல தொடங்கின அரசியலமைப்பு வேலையை முடிப்பம், ஒரு வருசத்துக்குள்ள மாகாணசபைத் தேர்தல் வைப்பம் எண்டு போட்டிரிக்காங்க. வெச்சாங்களா எண்டு நானே கேப்பேன்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் | 29 ஓகஸ்ட், முற்பகல் 11.20

தங்கச்சி, உங்கள் முதற் பதிவைப் படித்தபின் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முப்பது வருடம் அரச சேவையில் இருந்தேன். பல தேர்தல்களில் வாக்களிப்பு நிலையத்திலும், பிறகு எண்ணும் நிலையத்திலும் கடமை பார்த்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் "ஒரு வாக்கு, யாருக்கு" என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சீட்டில் உங்களுக்கு இருப்பது ஒன்றல்ல, மூன்று.

1, 2, 3 என்று விருப்பு எழுதலாம். முதல் எண்ணிக்கையில் ஒருவர் பாதிக்கு மேல் எடுத்துவிட்டால் அத்தோடு முடிந்தது. 1982 முதல் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தலிலும் அப்படித்தான் முடிந்தது. பிரேமதாச 1988இல் 50.43 வீதம், மஹிந்த 2005இல் 50.29 வீதம், மயிரிழைதான். ஆகவே இரண்டாவது விருப்பை எண்ணவேண்டிய தேவை ஒருமுறையும் வரவில்லை. சனமும் அப்படியொன்று இருப்பதையே மறந்துவிட்டது.

இந்தமுறை மூன்று பேர் பலமாக நிற்கிறார்கள். யாருக்கும் பாதி கிடைக்காமல் போகலாம். அப்போது முதல் இரண்டு இடத்துக்கு வந்தவர்களை வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் ஒரேயடியாக விலக்குவார்கள். விலக்கப்பட்டவருக்கு 1 போட்ட சீட்டுகளை மட்டும் திரும்ப எடுப்பார்கள். அதில் 2 அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருடைய கணக்கில் சேரும். 2ஆவதும் விலக்கப்பட்டவருக்கே போயிருந்தால் 3ஐப் பார்ப்பார்கள். இரண்டும் கூட்டி யாருக்கு அதிகமோ அவர் ஜனாதிபதி.

இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். தொலைபேசிக்கோ திசைகாட்டிக்கோ 1 போட்டவருடைய சீட்டு, அவர் முதல் இருவருக்குள் வந்தால், இரண்டாம் தரம் திறக்கப்படாது. சங்குக்கு 1 போட்டவருடைய சீட்டு திறக்கப்படும். உங்கள் மனதில் உள்ளதையும் சொல்லி, யார் ஆளவேண்டும் என்பதிலும் கை வைக்கச் சட்டம் இடம் தருகிறது.

ஒரு எச்சரிக்கை. புள்ளடி போடுவதென்றால் ஒரேயொருவருக்கு மட்டும். எண் எழுதுவதென்றால் 1, 2, 3. இரண்டையும் கலக்க வேண்டாம். கலந்து செல்லாமல் போன சீட்டுகளை என் கையாலேயே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

கோப்பாய்க்காரி | 29 ஓகஸ்ட், இரவு 8.45

ஐயா, உங்கட பதிவை மூண்டு தரம் வாசிச்சன். பிறகு அம்மாவுக்கு உரத்து வாசிச்சுக் காட்டினன். ஐம்பது வயது தாண்டிட்டு, இது எனக்குத் தெரியாது. ஒரு மேடையிலயும் ஒருத்தரும் எங்களுக்கு இதை இப்பிடிச் சொல்லித் தரேல்லை. எல்லாரும் தங்கட சின்னத்தைக் காட்டி இதுக்குப் போடு எண்டுதான் சொல்லுகினம்.

தமிழர் முந்தியும் தனிய நிண்டவை எண்டு அம்மா சொல்லுறா. 82இல பொன்னம்பலத்தின்ர மகன். அது என்ன மாதிரி முடிஞ்சது?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் | 30 ஓகஸ்ட், காலை 9.05

அம்மாவின் நினைவு சரி. 1982 ஒக்டோபர் 20, முதலாவது ஜனாதிபதித் தேர்தல். குமார் பொன்னம்பலம் தமிழ்க் காங்கிரஸில் நின்றார். தமிழர் விடுதலைக் கூட்டணி ஒதுங்கிக்கொண்டது. நாடு முழுக்க அவருக்கு 173,934 வாக்குகள், 2.67 வீதம். யாழ். மாவட்டத்தில் அவர்தான் முதலிடம். ஆனால் பலரும் மறந்துவிடும் விஷயம், அங்கே இரண்டாவதாக வந்தவர் நாட்டில் வென்ற ஜே.ஆர். அல்ல, சிறிமா அம்மையாரின் சுதந்திரக் கட்சியில் நின்ற கொப்பேகடுவ. சிறிமா அம்மையாரின் காலத்தில் வெங்காயமும் மிளகாயும் இறக்குமதி செய்யாமல் நிறுத்தியதால் கமக்காரர் நல்ல விலை கண்டிருந்தார்கள், அந்த நன்றி. அவருடைய கட்சிதான் 1972 அரசியலமைப்பைக் கொண்டுவந்தது, பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் அந்த ஆட்சியில்தான். அப்படியிருந்தும் கமக்காரன் தன் தோட்டத்தை நினைத்துப் போட்டான். நானும் அப்போது இளம் வயதில், "இதென்ன சனம்" என்று கோபப்பட்டேன். இப்போது கோபம் இல்லை. உங்கள் அம்மா சிலிண்டருக்குப் போடுவதும் அந்த வழிதான்.

தேயிலைக்கொழுந்து (அட்டன்) | 1 செப்டெம்பர், மாலை 6.50

இதுவரைக்கும் படிச்சுக்கிட்டே இருந்தேன். வடக்கு கிழக்கு பத்தித்தான் எல்லாரும் பேசுறீங்க. மலையகத்துலயும் தமிழர் இருக்கோம், எங்களுக்கும் ஓட்டு இருக்கு. அந்த ஓட்டு எப்படி வந்துச்சுன்னு சொல்லணும். 1948இல எங்க பாட்டன் பூட்டனோட குடியுரிமையை எடுத்துட்டாங்க. எங்க அப்பாயி பிறந்ததும் செத்ததும் ஒரே லயத்துலதான், ஒரு தேர்தல்லயும் ஓட்டு போட்டதில்ல. எங்க பெரியப்பாவுக்கு 2003இல சட்டம் வந்த பிறகுதான் இந்த நாட்டுக்காரன்னு பேப்பர் கிடைச்சிச்சு. அதனால யாராவது பகிஷ்கரிப்புன்னு சொன்னா எனக்கு வயிறு எரியும். ஓட்டு போடாம இருக்கிறதுக்கு எங்க வீட்டுல யாரும் தயாரா இல்ல.

13ஆம் திருத்தம் எங்களுக்கு ரொம்ப தூரம். எங்க கேள்வி ரெண்டே ரெண்டு. நாள் சம்பளம், வீட்டு நிலம். 1,700 ரூபாய்னு மே தினத்துல கொட்டகலையில அறிவிச்சாங்க. கம்பனிகள் கோர்ட்டுக்குப் போனாங்க, தடை வந்துச்சு. எங்க அம்மா இன்னிக்கும் ஆயிரம் ரூபாய்க்குத்தான் கொழுந்து பறிக்குது, அதுவும் கிலோ கணக்கு சரியா வந்தாத்தான். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலுக்குன்னு சொல்லுது. மனோ கணேசன், திகாம்பரம் சஜித்துக்குன்னு சொல்றாங்க. எங்க லயத்துல பத்து வீட்டுல நாலு சிலிண்டர், நாலு டெலிபோன், ரெண்டு திசைகாட்டி. திசைகாட்டி ரெண்டும் கொழும்புல கடையில வேலை செய்யிற பசங்க இருக்கிற வீடு.

எழுதுவினைஞர் ஐயா சொன்ன 1, 2 எங்க ஆளுங்களுக்கும் தெரியாது. நான் சொல்றேன்.

பனங்கூடல் | 1 செப்டெம்பர், இரவு 11.58

வவுனியாவில தமிழரசுக் கட்சி சஜித்துக்கு எண்டு முடிவெடுத்திட்டுது. பாத்தீங்களோ? சொந்தக் கட்சிக்காரன் சங்கில நிக்கிறான், கட்சி தொலைபேசிக்கு! கட்சி எம்.பி.மாரில சிறீதரன் ஒரு பக்கம், சுமந்திரன் ஒரு பக்கம். இப்பிடி இருந்தால் எங்களை ஆர் மதிப்பான்?

தேயிலைக்கொழுந்து | 2 செப்டெம்பர், காலை 5.30

அண்ணே, எங்க பக்கமும் அதே கதைதான், பல வருஷமா. தலைவர் சொன்னார்னு போடுற காலம் போயிருச்சு. வேலைக்கு நேரமாச்சு, பிறகு வாறேன்.

கடலோரத்து உம்மா (கல்முனை) | 3 செப்டெம்பர், பிற்பகல் 2.10

சும்மா ஒரு சொல் எழுதிட்டுப் போறன். கொரோனா நேரம் எங்கட மையித்துகள எரிச்சாங்க. பொறந்து இருபது நாளான புள்ளையையும் எரிச்சாங்க. உலகத்து வைத்தியர்மார் எல்லாரும் அடக்கலாம் எண்டு சொல்லியும் கேக்கல. 2021 மாசியிலதான் நிப்பாட்டினாங்க. இப்ப இந்த ஜூலையில அமைச்சரவை மன்னிப்புக் கேட்டிரிக்கு. மன்னிப்புக் கேட்டது நல்லம். ஆனா அந்த நேரம் ஆட்சியில கூட இருந்து கையத் தூக்கின முகங்கள் எந்தெந்த மேடையில இப்ப இரிக்கு எண்டு நான் ஒவ்வொண்டாப் பாக்கிறன். எனக்கு வேட்பாளரை விட அவருக்குப் பக்கத்துக் கதிரையில இரிக்கிறது ஆரு எண்டதுதான் கணக்கு. இப்போதைக்கு தொலைபேசி எண்டு நினைச்சிரிக்கன்.

கோப்பாய்க்காரி | 3 செப்டெம்பர், இரவு 9.15

உம்மா, பக்கத்துக் கதிரையைப் பாக்கிறது எண்டு எழுதினீங்களே, அதை நான் என்ர கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன். உங்கட அந்த வேதனை நேரம் நாங்கள் உங்களோட போதுமான அளவு நிண்டமோ எண்டு எனக்குத் தெரியேல்லை. நான் நிக்கேல்லை. பேப்பரில வாசிச்சுக் கவலைப்பட்டதோட சரி. அதை இங்க சொல்லவேணும் போல கிடந்தது.

கோப்பாய்க்காரி | 14 செப்டெம்பர், இரவு 10.25

ஒரு கிழமைக்கு மேல எழுதேல்லை. வீட்டில நடந்ததைச் சொல்லுறன்.

தங்கச்சி கிளிநொச்சியில இருந்து வந்து நிக்கிறாள். இப்ப அவளின்ர வாக்கு அங்கதான். ராத்திரி குசினியில மூண்டு பேரும் கறிக்கு மரக்கறி வெட்டிக்கொண்டு இருந்தம். அம்மா சிலிண்டர். நான் சங்கு எண்டு முடிவெடுத்திட்டன், 2 ஆருக்கு எண்டுதான் தெரியேல்லை எண்டு சொன்னன். தங்கச்சி கன நேரம் பேசேல்லை. பிறகு சொன்னாள்: "அக்கா, எனக்கு ஆர் வந்தாலும் ஒரு கேள்விதான். அவன் எங்க எண்டு சொல்லுற ஆள் ஆர்? நான் அந்த ஆளுக்குப் போடுறன். அது சிங்களமோ தமிழோ எனக்குத் தேவையில்லை."

நான் ஒவ்வொருத்தரின்ர விஞ்ஞாபனத்திலயும் அதைத் தேடினன். காணாமல் போன ஆக்களைப் பற்றி எழுதியிருக்கினம்தான். ஆனா அவள் கேட்ட கேள்விக்கு எந்த வரியையும் விரலால தொட்டு "இந்தா" எண்டு என்னால காட்டேலாமல் போட்டுது. மைத்திரியின்ர காலத்தில காணாமல் போனோர் அலுவலகம் எண்டு ஒண்டு வந்தது, அவளும் படிவம் நிரப்பினவள்.

பனங்கூடல் தம்பி, உங்கட வாதத்தில எனக்குப் பிடிச்சது என்னெண்டால், சங்குக்குப் போடுறது தங்கச்சியின்ர கேள்வியை எண்ணிக்கையாக்கி வைக்கிறது. பிடிக்காதது, அதோட நிப்பாட்டச் சொல்லுறது. நாளைக்கு ஆட்சிக்கு வாறவரோட வாழப்போறது நாங்கள். அரிசி விலையும், காணி விடுவிப்பும், கிராம அலுவலரின்ர இடமாற்றமும் அந்தக் கதிரையில இருந்துதான் வரும். 2ஐ வெறுமனே விட்டால் நான் திரும்பவும் 2005இல வீட்டுக்குள்ள இருந்த மாதிரித்தான்.

வாவிக்கரை | 15 செப்டெம்பர், காலை 7.40

அக்கா, தங்கச்சி அக்காட கேள்விக்கு என்னட்டப் பதில் இல்ல. நேத்து ராவு உம்மாவும் அதேதான் கேட்டா. உம்மாட தம்பி ஒருத்தர் 1990இல போனவர். நான் திசைகாட்டிக்குப் போட்டாலும் இந்தக் கேள்விய அவங்களிட்டயும் கேக்கிறதெண்டு முடிவெடுத்திரிக்கன். ஆனா ஒண்டு மட்டும் கேக்கட்டா? உங்கட 2 திசைகாட்டிக்கு எண்டு யோசிச்சுப் பாருங்க. எங்கட வயசுப் பிள்ளைகள் தெற்குலயும் இந்தக் குடும்ப ஆட்சிய வெறுத்துத்தான் 2022இல காலிமுகத்திடல் போராட்டத்துல நிண்டதுகள். அதுகளோட பேசேலாதெண்டா வேற ஆரோட பேசுறது?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் | 15 செப்டெம்பர், முற்பகல் 10.30

தம்பி கேட்டது நல்ல கேள்வி. ஆனால் ஒருவரை ஒருவர் வற்புறுத்தாதீர்கள். நான் தபால் வாக்கு எண்ணிய காலத்திலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன், வீட்டில்கூட யாருக்குப் போட்டேன் என்று சொல்வதில்லை. காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடியும். அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

கோப்பாய்க்காரி | 21 செப்டெம்பர், இரவு 8.50

போட்டிட்டு வந்தாச்சு. காலமை எட்டரைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனன். சனம் அமைதியா நிண்டது. அம்மாவுக்குச் சீட்டை மேசையில விரிச்சு வைக்க இடம் காணேல்லை, ரெண்டு மடிப்பாப் பிடிச்சுத்தான் சின்னத்தைத் தேடினவ. வெளியில வந்து "சிலிண்டர் கீழ கிடந்தது, ஆனா கண்டுபிடிச்சிட்டன்" எண்டு சந்தோஷமாச் சொன்னா. புள்ளடி ஒண்டு மட்டும் போட்டவவாம்.

நான் எண்தான் எழுதினனான். எழுதேக்க கை கொஞ்சம் நடுங்கினது. மூண்டு தரம் புள்ளடி போட்ட கைக்கு எண் எழுதுறது புதுசு. மிச்சத்தை முடிவு வந்தபிறகு சொல்லுறன். பத்து மணியில இருந்து ஊரடங்குச் சட்டமாம். கலவரம் ஒண்டும் இல்லை, முன்னெச்சரிக்கையாம். எல்லாரும் வீட்டோட இருங்கோ.

தேயிலைக்கொழுந்து | 22 செப்டெம்பர், காலை 6.10

ராத்திரி முழுக்க யாரும் தூங்கல. நுவரெலியாவுல டெலிபோன் முன்னுக்கு. அநுர நாடு முழுக்க முன்னுக்கு, ஆனா அம்பது வீதம் வராது போல. எழுதுவினைஞர் ஐயா, நீங்க சொன்னது நடக்கப் போகுதா?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் | 22 செப்டெம்பர், பிற்பகல் 1.15

நடக்கிறது. தேர்தல் ஆணைக்குழுத் தலைவர் ரத்நாயக்க இப்போதுதான் அறிவித்தார். அநுரகுமார 5,634,915, அதாவது 42.31 வீதம். சஜித் 4,363,035, அதாவது 32.76 வீதம். இருவருக்கும் பாதி இல்லை. ரணில் உட்பட மற்ற எல்லோரும் விலக்கப்பட்டுவிட்டார்கள். இரண்டாவது விருப்பை எண்ணுகிறார்கள். நாற்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. சேவையில் இருக்கும்போது இதைப் பயிற்சி வகுப்பில் மட்டும்தான் படித்தோம். இன்று நடப்பதைப் பார்க்கக் கண் கலங்குகிறது.

பனங்கூடல் | 22 செப்டெம்பர், பிற்பகல் 2.05

யாழ்ப்பாணத்தில சஜித் 121,177, சங்கு 116,688. நாலாயிரத்து ஐந்நூறுதான் இடைவெளி. ரணிலுக்கு 84,558. கட்சி ஒண்டாய் நிண்டிருந்தால் சங்குதான் முதல். நாடு முழுக்க 226,343. எனக்கு மனம் ஆறேல்லை, ஆனா ரெண்டு லட்சத்துக்கு மேல சனம் நிண்டிருக்குது.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் | 22 செப்டெம்பர், இரவு 8.40

இறுதி முடிவு: அநுரகுமார 5,740,179, சஜித் 4,530,902. அநுர வென்றுவிட்டார். நாளை பதவியேற்பு.

ஒரு கணக்கைப் பாருங்கள். விலக்கப்பட்டவர்களுக்கு 1 போட்டவர்கள் ஏறத்தாழ 33 லட்சம் பேர். அவ்வளவு சீட்டையும் திரும்பப் பார்த்து, இருவரின் கணக்கிலும் சேர்ந்தது 273,131 மட்டும். அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867. முப்பது லட்சத்துக்கு மேல் சீட்டுகள் கடைசித் தீர்ப்பில் ஒன்றும் சொல்லவில்லை. செல்லாத வாக்குகள் 300,300. எங்கள் அரசியல்வாதிகள் ஒரு மாதம் மேடை மேடையாகப் பேசினார்கள். இந்த 2ஐ எப்படி எழுதுவது என்று சனத்துக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு இது பெரிய மனவருத்தம்.

வாவிக்கரை | 22 செப்டெம்பர், இரவு 9.05

2019இல 3.16 வீதம் எடுத்தவர் இப்ப ஜனாதிபதி. வாப்பா ரோட்டுல நிண்டு அழுதார். அக்கா, நீங்க எங்க? சொல்றேன் எண்டு சொன்னீங்க.

கோப்பாய்க்காரி | 22 செப்டெம்பர், இரவு 10.30

இருக்கிறன் தம்பி. வாழ்த்துகள், மனசாரச் சொல்லுறன். வாப்பாவுக்கும் சொல்லும்.

1 சங்குக்கு. தங்கச்சியின்ர கேள்விக்காக.

2 தொலைபேசிக்கு. 13ஐப் பற்றி எங்கட மண்ணில வந்து நிண்டு சொன்ன வாய்ச்சொல்லுக்கு ஒரு மரியாதை குடுக்கவேணும் எண்டு நினைச்சன். கல்முனை உம்மாவின்ர பக்கத்துக் கதிரைக் கணக்கும் மனசில இருந்தது.

3 திசைகாட்டிக்கு. அது உமக்காகவும், அந்தக் குப்பி விளக்குக்காகவும் போட்டது. அந்த 2006ஆம் ஆண்டு இல்லாட்டில் மேல ஏறியிருக்கும்.

மத்தியானம் ரீ.வி.யில ரெண்டாவது எண்ணிக்கை எண்டு அறிவிக்க, ஐயா எழுதினதுதான் ஞாபகம் வந்தது. என்ர சீட்டு யாழ். மத்திய கல்லூரியில ஏதோ ஒரு மேசையில கட்டாக் கிடந்திருக்கும். அதை ஆரோ ஒரு பிள்ளை திரும்பவும் அவிட்டு, ஒண்டரை முழத்தையும் விரிச்சு, 2 எங்க எண்டு விரலால தேடியிருக்கும். அந்த 167,867இல ஒண்டு என்னுடையது. வென்ற பக்கம் இல்லை, பரவாயில்லை. என்ர 3ஐ ஆரும் பாத்திருக்கமாட்டினம் தம்பி, 2 எண்ணுப்பட்டதால அது தேவைப்படேல்லை. அதுதான் இங்க உமக்குச் சொல்லுறன்.

அம்மா பக்கத்தில இருந்து, "என்ரதையும் திருப்பி எடுத்துப் பாத்தவையோ?" எண்டு கேட்டா. பாத்திருப்பினம் எண்டு சொன்னன். "அதில புள்ளடி மட்டும்தானே கிடந்திருக்கும்" எண்டு சொல்லிப்போட்டு, கொஞ்ச நேரம் கையைப் பாத்துக்கொண்டிருந்தா. பிறகு, அடுத்தமுறைக்கு எண் எழுதிப் பழக்கிவிடு எண்டு கேட்டிருக்கிறா. தங்கச்சிக்கு இன்னும் போன் எடுக்கேல்லை. நாளைக்குக் காலமை எடுப்பன்.